விரலை எடுத்தால் முடிந்துவிடும் ஒத்திகை

ஏ புள்ள,

இன்று மத்தியானம் அவிசாவளை பஸ் நிலையத்தில் ஒட்டுப்பால் லொறி ஒன்று எங்கள் பஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மூட்டைகள் எல்லாம் மழையில் நனைந்திருந்தன. ரப்பர் மரத்தில் வழிந்து காய்ந்த பாலைச் சுரண்டிச் சேர்த்த அந்த நாற்றத்தை நான் உனக்கு விளக்கத் தேவையில்லை. பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். பக்கத்தில் இருந்த சிங்கள நோனா ஒருவர் ஜன்னலை மூடச் சொன்னார். நான் கேட்காதவள் மாதிரி இருந்துவிட்டேன். அது உன் வீட்டு வாசல் நாற்றம். உன் புருஷன் பால் வெட்டிவிட்டு வந்தால் சட்டையை வெளிக்கொடியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று நீ சட்டம் வைத்திருந்தாய். "அந்தச் சட்டையோட வந்தீங்கன்னா சோறும் அந்தக் கொடியிலதான்" என்பாய். இன்று காலை உன் வீட்டுக்குப் போயிருந்தேன். நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. சட்டை இன்னும் வெளிக்கொடியில்தான் தொங்குகிறது.

உனக்கு ஒரு செய்தி இருக்கிறது. போன வாரம் நடந்தது. நேரில் சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும், நீயும் "சரி, அதுக்கு இப்ப என்னாங்கிற" என்றிருப்பாய். எழுதத்தான் முடியும் என்று ஆகிவிட்டதால் முதலில் இருந்தே எழுதுகிறேன். பாதி உனக்குத் தெரிந்ததுதான். பொறுத்துக்கொள்.

நாம் ஒரே வருடத்தில் பிறந்து ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவர்கள். நான் கொழும்புக்குப் போய், போனில் போடுகிற செயலிகளுக்குத் திரை வடிவமைக்கும் வேலையில் சேர்ந்தேன். நீ தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் சேர்ந்தாய். தேயிலைக் கொழுந்துக்கும் ரப்பர் பால் வெட்டுக்கும் போகிற தாய்மார் விட்டுப் போகும் பிள்ளைகளை நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் வேலை. யாருடைய வேலை கஷ்டம் என்று நமக்குள் ஓயாத வாக்குவாதம்.

"பட்டன் வரையற வேலைக்கெல்லாமா கொழும்புல சம்பளம் குடுக்குறாங்க?"

"வரையறது மட்டும் இல்லடி. அமுக்குறவங்க அந்த நேரத்துல என்னா நெனைப்பாங்கன்னு பாக்கணும்."

"என்னா நெனைப்பாங்க? சீக்கிரம் முடிஞ்சா போதும்னு நெனைப்பாங்க."

பதினைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். எத்தனையோ வகுப்புகளுக்கும் கூட்டங்களுக்கும் போயிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை, ஆனால் உன்னிடம் அதை ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

மேல் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் வெடிப்பு விழுந்திருக்கிறது என்று அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனது ஞாபகம் இருக்கும். புது வீடு வரும் என்றார்கள். வீடு வருவதற்கு முன் மழைமானி வந்தது. பிள்ளைக் காம்பரா முற்றத்தில் ஒரு கம்பம், அதில் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாய். தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டால் மேல் லயத்தில் உன் வீட்டோடு சேர்த்து இருக்கும் இருபத்தெட்டு வீட்டுக்காரர்களும் உடனே ஸ்கூலுக்கு இறங்கிவிட வேண்டும். எந்த மழையிலும் காம்பராவில் ஆள் இருக்கும் என்பதால் அதைப் பார்க்கிற பொறுப்பை உன் தலையில் கட்டினார்கள். மழை என்றால் பால் வெட்டு இல்லை, உன் புருஷனுக்கு லீவு. "மழை வந்தா எனக்கு வேலை இல்ல, ஒனக்குத்தான் வேலை" என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வார் என்று சொல்லிச் சொல்லித் திட்டுவாய்.

இருபத்தெட்டு வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் போன் எடுப்பதற்குள் மேடு சரிந்து வந்துவிடும் என்று நீதான் என்னிடம் கேட்டாய். "எனக்கு ஒரே ஒரு பட்டன் வரைஞ்சு குடு. ஒருக்கா அமுக்குனா எல்லார் போனும் கத்தணும்." நான் சந்தோஷமாகச் செய்தேன். நம் தோட்டத்துக்கு என் வேலையால் ஒரு பிரயோசனம் என்ற பெருமை வேறு. அந்தப் பெருமையில்தான் ஒரு பட்டன் கேட்டவளுக்கு இரண்டு வைத்தேன்.

இரண்டாவது பட்டன், ஒத்திகை. அதை ஒரு தடவை தொட்டால் செயலி ஒத்திகை மோடுக்குப் போய்விடும். அதன்பிறகு நீ செய்தி அனுப்பினால் எல்லாம் நிஜம் போலவே நடக்கும், 'அனுப்பப்பட்டது' என்றும் வரும், ஆனால் ஒருவருக்கும் போகாது. இன்னொரு தடவை தொட்டால்தான் நிஜத்துக்குத் திரும்பும். ஒத்திகை அச்சு அசலாக நிஜம் போலவே இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. மூலையில் மட்டும் 'ஒத்திகை' என்று சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு சொல். அழகாக இருக்கிறது என்று அலுவலகத்தில் பாராட்டினார்கள்.

இந்த மோட் விவகாரம் எங்கள் தொழிலில் பழைய சண்டை. ஒரே பட்டன் இப்போது ஒன்றைச் செய்யும், கொஞ்ச நேரம் கழித்து வேறொன்றைச் செய்யும். இடையில் என்ன மாற்றினோம் என்பதை மனிதர்தான் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். அது கூடாது, எப்போது அமுக்கினாலும் ஒரு பட்டன் ஒரே வேலையைத்தான் செய்ய வேண்டும் என்று ஒரு கூட்டம் சொல்லும். அதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும் என்று இன்னொரு கூட்டம். நான் இரண்டாவது கூட்டத்தில் இருந்தேன். நீ ஒரு தடவை கோவில் பூசைக்குப் போனை சைலன்ட் மோடில் போட்டுவிட்டு இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தாய். நான் அடித்து அடித்துக் களைத்து, கடைசியில் பிடித்துத் திட்டியபோது, "போன் அடிக்கவே இல்லடி, நீதான் என்னய மறந்துட்ட" என்று என்னையே திருப்பித் திட்டினாய். அன்றைக்கே எனக்கு மண்டையில் உறைத்திருக்க வேண்டும்.

உன்னிடம் மோட் என்ற ஒன்றே இருந்ததில்லை, அது வேறு கதை. மிட்வைஃப் நோனாவுடன் சிங்களத்தில் பேசிக்கொண்டே இடுப்பில் இருக்கும் பிள்ளையைத் தமிழில் அதட்டுவாய், அந்த மூச்சிலேயே நோனாவுக்கு மிச்சத்தையும் சொல்லி முடிப்பாய். நான் அலுவலகத்து இங்கிலிஷில் இருந்து வீட்டுத் தமிழுக்கு வருவதற்கே ஒரு பஸ் பயணம் தேவைப்படும். பக்கத்தில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டே உனக்கு மோட் வைத்த ஒரு செயலியைக் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் பலாக்காய்க் கறி. நீ அடுப்படியில் நின்றாய். போனை என்னிடம் நீட்டி, "அவருக்கும் கொஞ்சம் காட்டிக் குடு, நான் இல்லாத நேரத்துல அவரு பாக்கணும்ல" என்றாய். நான் ஒத்திகையைத் தொட்டுவிட்டு அவருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். நீ சாப்பிடக் கூப்பிட்டாய். போனை ஜன்னலில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திருப்பித் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை விடாத மழை. பத்து மணிக்குத் தண்ணீர் சிவப்பைத் தொட்டுவிட்டது. காம்பராவில் ஒன்பது பிள்ளைகள், அதில் இரண்டு ஏணையில். நீ செய்தியை அனுப்பினாய். அனுப்பப்பட்டது என்று வந்தது. பிள்ளைகளுக்குச் சட்டை மாட்ட ஆரம்பித்தாய். மேல் லயத்தில் இருந்து ஸ்கூலுக்குப் போகும் பாதை காம்பரா வாசலைத் தாண்டித்தான் போகிறது; ஒருவரும் வரவில்லை. எட்டிப் பார்த்தாய். மேல் லயத்துக் கூரைகளில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. மழைக்குப் பால் வெட்டு நின்று வீட்டில் இருந்தவர்கள் நிம்மதியாகத் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் அனுப்பினாய். மறுபடியும் அனுப்பப்பட்டது என்றே வந்தது.

அதற்குப் பிறகு நீ போனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைகளைக் காம்பராவில் உன்னோடு வேலை செய்த ஆயாவிடம் விட்டுவிட்டு, ஒரு சோற்றுத் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு மழையில் மேலே ஏறினாய். வாசல் வாசலாகத் தட்டை அடித்தாய். காம்பராவில் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுகிற சத்தம் அது, தோட்டம் முழுக்கத் தெரியும். "என்னா, இன்னிக்கு எங்களுக்கும் சோறு போடுறீங்களா?" என்று உள்ளே இருந்து யாரோ சிரித்தார்களாம். அதற்கு நீ திட்டிய திட்டை எனக்கு ஒருவரும் முழுதாகச் சொல்லவில்லை. அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை என்று மட்டும் சொன்னார்கள்.

எல்லோரும் இறங்கிவிட்டார்கள். பதினொரு மணிக்கு முன்னால் மேடு சரிந்து நாலு வீட்டுக் குசினியை அடுப்போடு மூடியது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் லயத்துக் கடைசி வீட்டுத் தாத்தா அவசரத்தில் ஓடிப் படியில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். நேரத்துக்குச் செய்தி போயிருந்தால் அந்த மனிதர் ஓடியிருக்கவே வேண்டாம்.

மறுநாள் ஸ்கூல் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். செய்தி கேட்டு நானும் வந்திருந்தேன். அதிகாரி ஒருவர் உன் போனை வாங்கிப் பார்த்து, மூலையில் இருந்த அந்தச் சின்னச் சொல்லை விரலால் காட்டினார். நீ அவரிடம் சிங்களத்தில், "மகே வரத, மாத்தயா" என்றாய். பிறகு நம் ஆட்கள் பக்கம் திரும்பி, "என் தப்புதாங்க. நான்தான் கவனிக்கல" என்றாய். மழைமானிப் பொறுப்பைப் படிப்பு உள்ள யாரிடமாவது கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. ஆபீஸ் கிளார்க்கின் பெயரைச் சொன்னார்கள். நீ தலையாட்டினாய்.

நான் பின்வரிசையில் இருந்தேன், மடியில் கம்பியூட்டர். ஒத்திகை எப்போது தொடப்பட்டது என்ற பதிவை அதில் பார்க்கலாம். திறந்திருந்தால் அரை நிமிட வேலை. எனக்குப் பலாக்காய்க் கறி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. திறக்காமல் இருந்தேன்.

கொழும்புக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டேமுக்கால். தெஹியோவிட்டவில் இறங்கி ஒரு த்ரீவீல் பிடித்துத் திரும்பி வந்தேன். நீ தண்ணீர்ப் பீலியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாய்.

"என்னா திரும்பி வந்துட்ட? என்னா மறந்துட்டுப் போன?"

சொன்னேன். நீ துவைப்பதை நிறுத்தவில்லை.

"மீட்டிங்ல ஒன் மடியில கம்பியூட்டர் இருந்துச்சே."

"இருந்துச்சு."

"தொறந்து பாக்கல."

"பாக்கல."

"பயமா?"

"பயம்தான்."

துணியை முறுக்கிப் பிழிந்து வாளியில் போட்டாய். "அங்கன நான் ஒத்தையா நின்னேன்டி" என்றாய். நீ கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கத்தாமல் சொன்னாய். வாளியைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி, "காலையில பெரட்டுக்கு வந்து சொல்லு. எல்லாரும் இருப்பாங்க" என்றாய்.

பெரட்டுக்களத்தில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் நேரம். கொழுந்துக்காரர்களும் பால் வெட்டுகிறவர்களும் வரிசையில் நின்றார்கள். ஒத்திகையில் போட்டுவிட்டு மறந்தது நான், உன் மேல் பழி விழுந்தபோது வாயை மூடிக்கொண்டு இருந்ததும் நான் என்று சொல்லி முடித்தேன். கொழுந்துக்காரப் பெரியம்மா ஒருவர் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே, "சரி, புள்ள சொல்லிருச்சு. இனி அந்தச் சனியன ஒழுங்கா செஞ்சு குடுக்கச் சொல்லுங்க" என்றார். கிளார்க் உடனே மழைமானி உன்னிடமே இருக்கட்டும் என்றார். அந்தத் தலைவலி அவருக்கும் வேண்டியிருக்கவில்லை.

நீ இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் லீவு போட்டுவிட்டு அம்மா வீட்டில் உட்கார்ந்து திரையைத் திரும்ப வரைந்தேன். மூன்றாம் நாள் காம்பராவுக்குக் கொண்டுவந்து காட்டினேன். ஒத்திகை மோடில் இருந்தால் திரை முழுக்க மஞ்சளாகிவிடும், ஒத்திகை என்று கொட்டை எழுத்தில் வரும். நீ ஒரு பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டே பார்த்தாய்.

"ஒன்பது புள்ளைக கத்துறப்போ நான் எதடி படிப்பேன்?"

"மஞ்சளா இருக்கே, தெரியாதா?"

"அங்கன பாரு" என்று முற்றத்துக் குழாயைக் காட்டினாய். முன்பு அங்கே திருகுகிற குழாய் இருந்தது. பிள்ளைகள் கை கழுவிவிட்டு மூடாமல் ஓடிவிடும், டாங்கி காலியாகிவிடும். நீ மேலே கடதாசி ஒட்டிப் பார்த்தாய், சிவப்பு மையில் படம் போட்டுப் பார்த்தாய், முதுகில் இரண்டு வைத்தும் பார்த்தாய். கடைசியில் உன் புருஷன் அமுக்குகிற குழாய் ஒன்றை வாங்கி வந்து மாட்டினார். அமுக்கினால் தண்ணீர் வரும், கையை எடுத்தால் நின்றுவிடும். அன்றோடு டாங்கிப் பிரச்சினை தீர்ந்தது.

"மூடணும்னு யாரும் ஞாபகம் வச்சுக்கத் தேவையில்ல. அந்த மாதிரி செய்ய முடியாதா? வெரல வச்சுக்கிட்டு இருக்குற வரைக்கும் ஒத்திகை. எடுத்தா நெசம்."

எங்கள் தொழிலில் இதற்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. மோட் வேண்டுமென்றால் அதை மனிதரின் உடம்பே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் மறக்காது. நான் புத்தகத்தில் படித்துப் பரீட்சையும் எழுதி சித்தியடைந்த விஷயம். நீ குழாயைக் காட்டிச் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. வெட்கமாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஆனாலும் நான் விடவில்லை. ஒத்திகை பார்க்கும்போது விரல் வழுக்கினால் நிஜச் செய்தியே போய்விடுமே என்றேன். "போனா போகட்டும். எல்லாரும் ஒருக்கா ஸ்கூலுக்கு நடந்துட்டு வருவாங்க, என்னய நல்லா ஏசுவாங்க. போகாம இருந்தாத்தான் கேடு." அனுப்புமுன் 'நிச்சயமாகவா' என்று ஒரு கேள்வி கேட்கலாமா என்றேன். "மழை கேக்குமா?" என்றாய். அதற்குப் பதிலாக, அனுப்பிய பிறகு தவறு என்றால் திரும்ப அழைத்துக்கொள்ள ஒரு வழி வைத்தோம். வெறுமனே அனுப்பப்பட்டது என்று சொல்வதை எடுத்துவிட்டு, இருபத்தெட்டு வீட்டையும் சின்னச் சின்னக் கட்டமாக வரைந்தேன். எந்த வீட்டுப் போன் கத்தியதோ அந்தக் கட்டத்தில் விளக்கு எரியும். விரலை வைத்து ஒத்திகை பார்த்தால் உன் வீட்டு விளக்கு மட்டும் எரியும். இருபத்தொன்பதாவது கட்டமாக என்னையும் சேர்க்கச் சொன்னாய். "தப்பா வரைஞ்சவளுக்கும் கத்தட்டும்."

அடுத்த மாதமே உன் விரல் வழுக்கியது. திரும்ப அழைக்கும் செய்தி போவதற்குள் பாதி லயம் ஸ்கூலுக்கு வந்துவிட்டது. வந்தவர்கள் அத்தனை பேருக்கும் காம்பரா அடுப்பில் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துத் திட்டும் வாங்கிக்கொண்டதாகப் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

ஒன்று மட்டும் சரியாகவில்லை. நம் ஆட்களுக்கு ஒத்திகை என்றாலே பிஸ்கட்தான். அதிகாரிகள் வருவார்கள், சனங்கள் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு ஸ்கூலுக்கு இறங்குவார்கள், போட்டோ எடுப்பார்கள், ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட்டோடு வீட்டுக்கு வருவார்கள். அது போதாதென்று என் செயலியும் ஒத்திகை என்று ஏமாற்றிவிட்டது. அதற்குப் பிறகு நீ செய்தி அனுப்பிய ஒவ்வொரு தடவையும் உன் போன் அடித்தது. "நெசமாவா, ஒத்திகையா?" ஒருவருக்குப் பதில் சொல்லி வைத்தால் அடுத்தவர். அதில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் போய்விடும். மேடு அவ்வளவு நேரம் தராது என்று உனக்குத் தெரியும்.

அதனால்தான் ஒரு தடவை பெரிய ஒத்திகைக்கு அதிகாரிகள் வந்து போனைக் கத்த வைக்கச் சொன்னபோது நீ முடியாது என்றாய். நானும் அங்கே இருந்தேன். "இது கத்துனா நெசம் சார். ஒத்திகைக்கு இது கத்தாது" என்று தமிழில் ஆரம்பித்துச் சிங்களத்தில் முடித்தாய். அவர் கோபமாக, அப்படியென்றால் சனங்களை எப்படிக் கூப்பிடுவது என்றார். நீ உள்ளே போய்ச் சோற்றுத் தட்டையும் கரண்டியையும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாய். பாவம், மனிதர் அடித்தார். நன்றாகவே அடித்தார். அன்றைக்குப் பிஸ்கட்டும் கிடைத்தது.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் உனக்கு எலிக்காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நீ இரண்டு நாள் வேலைக்கும் போயிருக்கிறாய். பெரிய ஆஸ்பத்திரியில் நான் வந்து பார்த்தபோது உன் கண் மஞ்சளாக இருந்தது. தலைமாட்டில் ஒரு மெஷின் கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. "இதுக்கும் நீதான் பட்டன் வரைஞ்சியா? சும்மாவே கத்துது" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "எல்லாம் சரிதான்டி, இன்னும் கேக்குறாங்களே" என்றாய். அந்த 'நெசமாவா, ஒத்திகையா'வைத்தான் சொல்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது. நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்று சொன்னேன். அதை நம்பிச் சொன்னேனா என்று இப்போதும் தெரியவில்லை. நாலாம் நாள் நீ போய்விட்டாய்.

மழைமானியை இப்போது உன் புருஷன்தான் பார்க்கிறார். மழை வந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொண்ட மனிதர், இப்போது மழை வந்தால் முதல் ஆளாகக் காம்பராவுக்குப் போகிறார். உன் மகள் கோடு கிழித்துக் கொடுத்த நோட்டுக் கொப்பியில் காலையும் மாலையும் அளவைக் குறிக்கிறார். ஒத்திகை பார்க்கும்போது கட்டை விரலை அவர் அழுத்துகிற அழுத்தில் போன் உடைந்துவிடுமோ என்று எனக்குப் பயம். யட்டியாந்தோட்டைப் பக்கத்தில் வேறு இரண்டு தோட்டங்களிலும் இப்போது இதே செயலிதான். அங்கே போய்ச் சொல்லிக் கொடுக்கும்போது முதலில் என் கதையைத்தான் சொல்வேன், பலாக்காய்க் கறியில் இருந்து. பெண்கள் நன்றாகச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு என் கையில் இருக்கும் போனைச் சந்தேகத்தோடு வாங்கிப் பார்க்கிறார்கள். அந்தச் சந்தேகம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இனிச் செய்தி. போன வாரம் வியாழக்கிழமை நான் அலுவலகத்தில் கூட்டத்தில் இருந்தேன். மத்தியானம் ஒரு மணி இருக்கும். என் போன் கத்தியது. எட்டுப் பேர் இருந்த அறையில் ஆறு பேர் ஒரே குரலில் "டெஸ்டிங்கா?" என்றார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். திரையில் கட்டங்கள் எரிய ஆரம்பித்திருந்தன. மூன்று, பிறகு ஒன்பது, பிறகு எண்ண முடியவில்லை. கடைசி வீடு, தாத்தாவுடையது, மட்டும் எரியாமல் நின்றது. அப்புறம் அதுவும் எரிந்தது. விளக்கு எரிந்தால் போன் கத்தியது என்றுதான் அர்த்தம், ஆள் இறங்கியது என்று அர்த்தம் இல்லை. அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். நானே போன் எடுத்துக் கேட்டால் உன் புருஷனுடைய நேரத்தை நானும் தின்றுவிடுவேன் என்று எடுக்காமல் இருந்தேன். அந்த முக்கால் மணி நேரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது.

கடைசியில் அவரே எனக்குப் போன் எடுத்தார். பின்னால் பிள்ளைகள் கத்துகிற சத்தம்.

"எல்லாரும் ஸ்கூல்ல இருக்கோம் தங்கச்சி. ஆளு எண்ணிட்டேன், சரியா இருக்கு."

"தாத்தா?"

"அவருதான் மொத ஆளு. கம்ப ஊனிக்கிட்டு நிதானமா நடந்து வந்தாரு. நாங்க பின்னாடிதான் வந்தோம்."

"மேடு?"

"வந்துச்சு. போன தடவ மாதிரி இல்ல, கொஞ்சம்தான். மூணு குசினி போச்சு. அங்கன ஒரு ஆளும் இல்ல."

கேட்கலாமா வேண்டாமா என்று இருந்தது. கேட்டேன்.

"அண்ணே, யாராவது ஒங்களுக்குப் போன் எடுத்தாங்களா? நெசமா ஒத்திகையான்னு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இல்லியே" என்றார். "ஏன் கேக்கணும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்னா தங்கச்சி, அதான் எல்லாரும் நல்லா இருக்கோமே" என்று அவர் பதறினார். அவருக்கு விளங்கவில்லை. இருபத்தெட்டு வீட்டில் ஒருவரும் உன் புருஷனைக் கேள்வி கேட்கவில்லை, புள்ள. அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, சும்மா நடந்து வந்திருக்கிறார்கள். அவர் ஒத்தையாக நிற்கவில்லை. நான் இனி எங்கே என்ன வரைந்தாலும், அதை அமுக்குகிற ஒருத்தியையும் ஒத்தையாக நிற்க விடமாட்டேன்.